தோள்வலி: படம் எடுக்க அனுப்பும் முன் கையைத் திருப்பிப் பாருங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அண்மையில் பணியில் சேர்ந்த ஒரு மருத்துவர் கேட்டிருக்கிறார்: “புறநோயாளிகள் பிரிவில் தோள்வலியோடு நிறையப் பேர் வருகிறார்கள். இங்கே ஸ்கேன் கிடையாது. எக்ஸ்ரே எடுக்கவே தாலுகா மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு அனுப்ப மனம் ஒப்பவில்லை. யாரை இங்கேயே வைத்துப் பார்க்கலாம்? யாரை மேலே அனுப்ப வேண்டும்? தோளுக்குள் ஸ்டீராய்டு ஊசி எப்போது போடலாம்?”

ஸ்கேன் இல்லாதது நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய குறை ஆகாது. பெரும்பாலான தோள்வலியை உங்கள் மேசைக்கு எதிரிலேயே, பத்து நிமிடத்துக்குள், கண்ணாலும் கையாலும் பிரித்துவிடலாம். வலி உண்மையில் தோளிலிருந்துதான் வருகிறதா, காத்திருக்கக் கூடாத ஆபத்து ஏதும் உண்டா, நோயாளி தளர்ந்திருக்கும்போது நீங்கள் அசைத்தாலும் மூட்டு அசைய மறுக்கிறதா, வலியைத் தாண்டியும் பலம் குறைந்திருக்கிறதா? இந்த வரிசையில் பார்த்தால் போதும். இவற்றில் மூன்றாவதைத்தான் அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுகிறோம். அதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப் போகிறேன்.

முதலில் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள சரிவைப் பிடித்துக் காட்டினால் கழுத்தைப் பாருங்கள். தோள் மூட்டின் நோய் பெரும்பாலும் அந்த இடத்தில் வலிப்பதில்லை. மேற்கையின் வெளிப்புறத்தில், ஊசி போடும் இடத்தையொட்டித்தான் வலிக்கும். அந்த நோயாளி உள்ளங்கையால் அப்பகுதி முழுவதையும் பொத்திக் காட்டுவார். ஒற்றை விரலைத் தோளின் உச்சியில் வைப்பவருக்குக் காறை எலும்பின் முனையிலுள்ள சிறு மூட்டில் கோளாறு இருக்கலாம். வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்கி, மரத்துப்போதலும் சேர்ந்தால் கழுத்து நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகியுங்கள். கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தோள் நோய் உள்ளவருக்கு அந்த நிலையே வேதனை.

தோளை எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்த்தும் அந்த வலியை உண்டாக்க முடியவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. நடக்கும்போதும் படியேறும்போதும் வந்து, நின்றால் அடங்கும் இடது தோள்வலிக்கு இசிஜி எடுக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ‘வாய்வுப் பிடிப்பு’ என்று நோயாளியே முடிவு கட்டிக்கொண்டு வருவார். அதை நாமும் அப்படியே ஏற்றுக்கொண்டால் மாரடைப்பைத் தவறவிடுவோம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோளின் தோலுக்குப் போகும் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளம்புகின்றன. அதனால் வயிற்றுக்குள் நடக்கும் கோளாறு தோளின் உச்சியில் வலியாகத் தெரியலாம். வலது தோளானால் பித்தப்பை, கல்லீரல் சீழ்க்கட்டி. விபத்துக்குப் பிறகு இடது தோளானால் மண்ணீரல் கிழிந்திருக்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போன இளம்பெண் அடிவயிற்று வலியோடும் மயக்கத்தோடும் வந்து, தோள் நுனியும் வலிக்கிறது என்றால், கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருக்கலாம். அங்கே தோளைப் பரிசோதித்துக்கொண்டிருக்க நேரமில்லை. நெடுநாள் புகைபிடிப்பவருக்குத் தோள்வலியோடு கையின் சிறு தசைகள் மெலிந்து, ஒரு கண்ணிமையும் தொங்கினால், நுரையீரலின் உச்சியில் வளரும் புற்றுநோயைத் தேட மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இனி தோளிலேயே உள்ள ஆபத்துகள். காய்ச்சலோடு மூட்டு சூடாகி, சிறிது அசைத்தாலே அலறுபவருக்கு, இல்லை என்று உறுதியாகும்வரை அது சீழ்பிடித்த மூட்டுதான். அவரை அன்றே அனுப்ப வேண்டும். கட்டுப்பாடற்ற சர்க்கரை உள்ளவருக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் காய்ச்சல் பெரிதாக இல்லாமலும் இது வரும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த பெண்ணுக்குப் புதிதாக வரும், இரவும் பகலும் ஓயாத தோள்வலிக்கு எக்ஸ்ரே தேவை. விழுந்த பிறகு தோளின் உருண்டை வடிவம் தட்டையானால் மூட்டு முன்புறம் நழுவியிருக்கிறது. அதை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவோம். பின்புறமாக நழுவுவதுதான் ஏமாற்றும். வலிப்பு வந்தவரும் மின்சாரம் தாக்கியவரும் ‘கையைத் திருப்ப முடியவில்லை’ என்று வந்தால் அதை நினைக்க வேண்டும். நேராக எடுக்கும் ஒற்றை எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். பக்கவாட்டுப் படமும் கேட்டு எழுதுங்கள்.

நம் நாட்டில் எழுதும்போது காசநோயையும் சொல்லியாக வேண்டும். தோள் மூட்டுக் காசநோய் பெரும்பாலும் வீக்கமோ சீழோ இல்லாமல், காய்ந்த வகையாக வரும். மாதக்கணக்கில் மந்தமான வலி, மெல்ல மெல்லக் குறையும் அசைவு, தோளின் தசை கண்ணெதிரே கரைதல். மேலோட்டமாகப் பார்த்தால், மூட்டின் உறை இறுகிவிடும் நோயான உறைந்த தோள்பட்டையேதான். எடை குறைந்தவர், மாலைக் காய்ச்சல் உள்ளவர், வீட்டில் காசநோயாளி இருப்பவர், தசை அளவுக்கு மீறி மெலிந்தவர் ஆகியோருக்கு எக்ஸ்ரே எடுக்காமல் மூட்டுக்குள் ஸ்டீராய்டு போடவே கூடாது.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு இரண்டு தோளும் ஒருசேர வலித்து, காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால், அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி பாருங்கள். இப்படி வரும் அழற்சி நோயான பாலிமயால்ஜியா ருமாட்டிகா நம்மிடையே அரிது. இருந்தால் குறைந்த அளவு பிரெட்னிசலோனிலேயே சில நாட்களில் பெரிய மாற்றம் தெரியும். அவருக்குத் தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால் அது அவசர நோய்.

இவ்வளவையும் கடந்த பிறகு மிஞ்சுபவர்கள்தான் உங்கள் அன்றாட நோயாளிகள். இவர்களுக்குச் செய்ய வேண்டிய பரிசோதனை இது. மேல்சட்டையைக் கழற்றச் சொல்லி ஸ்டூலில் உட்கார வையுங்கள். பெண்களுக்குத் திரையும் உடன் ஒரு செவிலியரும் இருக்கட்டும். சட்டைக்கு மேலே தோளைப் பரிசோதிப்பதால் பயனில்லை. முன்னிருந்தும் பின்னிருந்தும் பாருங்கள். தோள்பட்டை எலும்பின் மேலும் கீழும் குழி விழுந்திருந்தால் தசை மெலிந்திருக்கிறது. பிறகு அவரது இரு முழங்கைகளையும் விலா எலும்போடு ஒட்டி, செங்கோணத்தில் மடக்கி வையுங்கள். முன்கைகள் உங்களை நோக்கி நீண்டிருக்கும். ‘நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், கையைத் தளர விடுங்கள்’ என்று சொல்லிவிட்டு, இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, முழங்கை விலாவை விட்டு விலகாமல், முன்கைகளை மெதுவாக வெளிப்புறம் திருப்புங்கள். இரண்டும் ஒரே அளவுக்குத் திரும்புகின்றனவா?

நல்ல பக்கம் அறுபது பாகை திரும்ப, வலிக்கும் பக்கம் இருபதிலேயே சுவரில் முட்டியதுபோல் நின்றுவிட்டால், பிரச்சினை மூட்டுக்குள்ளேயே இருக்கிறது. வலியால் தசையை இறுக்கிக்கொள்பவரிடம் அந்த முட்டல் இருக்காது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெல்லத் திருப்பினால் அவர் கை வந்துவிடும். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி மட்டும் பார்த்தால் இது தெரியாது. தோள்பட்டை எலும்பையே தூக்கி, உடம்பைச் சாய்த்து, நோயாளி எப்படியோ கையை உயர்த்திக் காட்டிவிடுவார். முழங்கையை விலாவில் ஒட்டிவைத்துத் திருப்பும்போது அவரால் ஈடுகட்ட முடியாது. இந்த ஓர் அசைவை எந்தப் பரிசோதனைக்கும் மேலாக மதிக்கிறேன். சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு இரண்டு தோளும் ஒன்றாகப் பாதிக்கப்பட்டிருக்கும். அப்போது ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட்டு ஏமாந்துவிடக் கூடாது.

வெளிப்புறத் திருப்பம் இப்படித் தடைபடுவதற்குப் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்: உறைந்த தோள்பட்டை, தோள் மூட்டுத் தேய்மானம், மேலே சொன்ன பின்புற நழுவல். பக்கவாட்டுப் படமும் சேர்ந்த எக்ஸ்ரே மூன்றையும் பிரித்துக் காட்டிவிடும். உறைந்த தோளின் எக்ஸ்ரே இயல்பாக இருக்கும். அதனால் தோள்வலிக்காரர் எல்லாருக்கும் எக்ஸ்ரே தேவையில்லாவிட்டாலும், கை திரும்பாதவருக்கு நிச்சயம் வேண்டும். நீங்கள் தாலுகா மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய முக்கியமான கூட்டம் இதுதான்.

உறைந்த தோள்பட்டை பெரும்பாலும் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் வருகிறது. பெண்களுக்குச் சற்று அதிகம். சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வருகிறது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் கூடுதல். மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியால் தடித்து, சுருங்கி, இறுகிவிடுகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934-இல் இதற்கு ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று பெயரிட்டபோதே, விளக்கவும் கடினம், சிகிச்சை தரவும் கடினம் என்று எழுதினார். அறிகுறிகளை நம் வீட்டுப் பேச்சில் கேட்டால் தெளிவாகப் புரியும். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. தலை பின்ன முடியவில்லை. கொடியில் துணி உலர்த்த முடியவில்லை. சட்டையின் இரண்டாவது கையை நுழைக்க முடியவில்லை. அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கலைகிறது. இப்படிச் சொல்பவருக்குக் கை திரும்பவில்லை என்று கண்டதும் ரத்தச் சர்க்கரை பாருங்கள். தோள்வலிக்காக வந்தவருக்கு அன்றுதான் சர்க்கரை நோய் இருப்பதே தெரியவரும். அதைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கினால், தோளுக்குச் செய்வதை விடப் பெரிய நன்மையை அவருக்குச் செய்தவர் ஆவீர்கள்.

இந்த நோயில் மருந்தை விட முக்கியமானது விளக்கம். ‘உங்கள் எலும்பு தேயவில்லை. சவ்வு கிழியவில்லை. மூட்டின் உறை இறுகியிருக்கிறது. முதல் சில மாதங்கள் வலி அதிகம், பிறகு வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும், அதன் பிறகு மெல்லத் தளரும். ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். சிலருக்கு லேசான இறுக்கம் மிஞ்சும்.’ இதைச் சொல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால், ஒரு மாதத்தில் குணமாகாததால் அவர் அடுத்த மருத்துவரிடம் போவார், எம்.ஆர்.ஐ. எடுப்பார், எண்ணெய் போட்டு உருவிவிடுபவரிடம் கையைக் கொடுப்பார். வலி உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் தோளைப் பலவந்தமாக இழுத்துத் தளர்த்தினால் அழற்சி கூடும், எலும்பு உறுதியற்ற முதியவருக்கு எலும்பே முறியலாம். இதைச் செய்ய வேண்டாம் என்று நோயாளியிடமும் வீட்டாரிடமும் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

வலி மிகுந்த அந்த ஆரம்பக் கட்டத்தில்தான் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நன்றாக வேலை செய்யும். வலி அடங்கி இறுக்கம் மட்டும் இருக்கும் கட்டத்தில் அதனால் பெரிதாகப் பயனில்லை. ஊசியால் கிடைக்கும் சில வார நிம்மதியில் உடற்பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். ‘ஆபரேஷன் செய்தால் சீக்கிரம் சரியாகுமா’ என்று கேட்பார்கள். மயக்க மருந்து கொடுத்துத் தோளை அசைத்துத் தளர்த்துதல், துளை வழியாக உறையை வெட்டிவிடுதல், ஸ்டீராய்டு ஊசியோடு கூடிய முறையான பிசியோதெரபி ஆகிய மூன்றையும் பிரிட்டனில் 503 நோயாளிகளிடம் ஒப்பிட்டு, 2020-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் நோயாளியின் வாழ்க்கையில் பொருட்படுத்தத்தக்க அளவுக்கு எந்த ஒன்றும் மற்றவற்றை மிஞ்சவில்லை. ஆகவே ஆறு மாதமாவது முறையாக முயன்றும் முன்னேற்றம் இல்லாதவரைத்தான் எலும்பு மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

இப்போது கை தாராளமாகத் திரும்பியவரிடம் வருவோம். நீங்கள் அசைத்தால் எல்லாப் பக்கமும் வருகிறது, அவராக அசைத்தால் வலிக்கிறது. தோள் மூட்டு ஆழமில்லாத தட்டில் உருளும் எலுமிச்சம்பழத்தைப் போன்றது. அதை நழுவாமல் நடுவில் பிடித்து வைத்திருப்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளும் அவற்றை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும். இங்கே வலிக்குக் காரணம் பெரும்பாலும் அவைதான். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது அறுபதிலிருந்து நூற்றிருபது பாகைக்குள் வலித்து, அதைத் தாண்டினால் குறையும். வர்ணம் பூசுபவர், தலைக்கு மேல் கை வைத்து வேலை செய்யும் எலக்ட்ரீஷியன், நெசவாளி, நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் என்று எல்லாரும் வருவார்கள். கல்லூரியில் மனப்பாடம் செய்த, மருத்துவர்களின் பெயரால் வழங்கும் நீர் (Neer), ஹாக்கின்ஸ், ஜோப் சோதனைகளைச் செய்து பாருங்கள். ஆனால் எந்த ஒன்றையும் தனித்து நம்ப முடியாது. வலியைத் தூண்டும் சோதனைகளை விட, பலத்தைப் பார்க்கும் சோதனைகளே எனக்கு அதிகம் சொல்கின்றன.

முழங்கையை விலாவில் வைத்தபடியே முன்கையை வெளிப்புறம் தள்ளச் சொல்லி எதிர்த்துப் பாருங்கள். தொண்ணூறு பாகைக்கு உயர்த்திய கையை மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையால் வயிற்றை அழுத்தச் சொல்லி முழங்கை பின்னால் சரிகிறதா என்று பாருங்கள். வலிக்கிறது ஆனால் தள்ள முடிகிறது என்றால் அவசரமில்லை. தள்ளவே முடியவில்லை, கை பொத்தென்று விழுகிறது என்றால் அடுத்த கேள்வி: ‘விழுந்தீர்களா? எதையாவது இழுக்கும்போது சடக்கென்றதா?’ பைக்கிலிருந்து விழுந்தவர், மூட்டை தூக்கும்போது திடீரென்று கை போனவர், அதற்கு முன் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை என்பதற்காக இவர்களை ‘சுளுக்குதான்’ என்று அனுப்பிவிடாதீர்கள். தசைநாண் முழுதாகக் கிழிந்திருக்கலாம். தைப்பதானால் முதல் சில வாரங்களில் தைப்பது நல்லது. மாதங்கள் ஓடினால் தசை சுருங்கிக் கொழுப்பு படிந்துவிடும், அதன் பிறகு தைத்தாலும் பிடிக்காது. மற்ற தோள்வலிகள் எல்லாம் காத்திருக்கும். இது காத்திருக்காது. அல்ட்ராசவுண்டு வசதியுள்ள இடத்துக்குக் கடிதத்தில் விபத்தின் தேதியையும் பலக்குறைவையும் எழுதி அனுப்புங்கள். நாற்பது வயதுக்கு மேல் தோள் நழுவி, திரும்ப மூட்டில் சேர்க்கப்பட்ட பிறகும் கையைத் தூக்க முடியாதவருக்கும் இதே சந்தேகம் வர வேண்டும். அவருக்கு மேற்கையின் வெளிப்புறத் தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள், அங்கே போகும் நரம்பும் அடிபட்டிருக்கலாம்.

அடிபடாமல், ஆண்டுக்கணக்கில் மெல்ல வந்த வலியுள்ள அறுபது வயதுக்காரரின் கதை வேறு. அவரது ஸ்கேனில் ‘கிழிசல்’ என்று எழுதியிருந்தால் பதற வேண்டியதில்லை. வயதானவர்களில் வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் கிழிசல் தெரியும். நரைமுடியைப் போல அதுவும் வயதோடு வருவதாகப் பல நேரங்களில் இருக்கும். படத்தைப் பார்த்துப் பயந்து கையை அசைக்காமல் வைத்திருந்து, அதனாலேயே மோசமானவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பச் சிகிச்சை ஸ்கேன் முடிவால் மாறப் போவதில்லை என்றால் ஸ்கேனைத் தள்ளிப்போடுங்கள். கூலி வேலை செய்பவருக்கு எம்.ஆர்.ஐ. செலவு பல நாள் சம்பளம்.

இந்த வகை வலிக்கு, தோளின் கூரைபோல் இருக்கும் எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கி இடம் உண்டாக்கும் அறுவை சிகிச்சை உலகெங்கும் பல்லாண்டு நடந்தது. பிரிட்டனில் 313 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உண்மையாகச் செதுக்கி, ஒரு குழுவுக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு நிறுத்தி, ஒரு குழுவுக்கு எதுவும் செய்யாமல் விட்டார்கள். முடிவு 2018-இல் லான்செட்டில் வந்தது. செதுக்கியவர்களுக்கும் செதுக்காமல் உள்ளே பார்க்கப்பட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. சிகிச்சையே பெறாதவர்களை விட இரு குழுவினரும் பெற்ற கூடுதல் நன்மையும் சொல்லிக்கொள்ளும் அளவில் இல்லை. அதே இதழில் 2021-இல் வந்த இன்னொரு ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். 708 பேரில் பாதிப் பேருக்குப் பிசியோதெரபிஸ்டிடம் பல அமர்வுகள், மீதிப் பேருக்கு ஒரே ஒரு முறை நேரில் நல்ல விளக்கமும் வீட்டில் செய்ய எளிய பயிற்சியும். ஓராண்டில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு குணமடைந்தார்கள். இரு தரப்பிலும் பாதிப் பேருக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி தந்த நிம்மதி சிறிதளவே, அதுவும் சில வாரங்களுக்கே. நெருக்கடியான புறநோயாளிகள் பிரிவில் ஒருவருக்கு நீங்கள் ஒதுக்கும் கூடுதல் பத்து நிமிடம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இதை விட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

காறை எலும்பு முனை மூட்டு வலிக்குக் கையை மார்புக்குக் குறுக்கே மறுதோள்வரை கொண்டுபோனால் உச்சியில் வலிக்கும். மாத்திரையும் பளு குறைப்பும் பெரும்பாலும் போதும். முதியவருக்குத் திடீரென்று மேற்கையில் உருண்டை திரண்டால் பைசெப்ஸின் ஒரு தசைநாண் அறுந்திருக்கிறது. பார்க்கப் பயமாக இருந்தாலும் பலம் அவ்வளவாகக் குறையாது. இரவில் திடீரென்று தாங்க முடியாத வலியோடு வருபவருக்கு எக்ஸ்ரேயில் தசைநாணில் சுண்ணாம்புப் படிவு தெரியலாம். அது பெரும்பாலும் தானாகவே கரையும் காலத்தில்தான் அப்படி வலிக்கிறது.

மாத்திரை விஷயத்தில் ஒரு வேண்டுகோள். டைக்ளோஃபெனாக் ஊசியை வழக்கமாக்காதீர்கள். பாராசிட்டமாலில் தொடங்குங்கள். போதாவிட்டால் ஐபுபுரோஃபென் அல்லது நாப்ராக்ஸென் ஒரு வாரம், பத்து நாள், உணவுக்குப் பின். தோள்வலிக்கு வரும் வயதினர்தான் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உங்களிடமே மாத்திரை வாங்குபவர்கள். எனலாப்ரிலோ டெல்மிசார்டானோ சாப்பிட்டுக்கொண்டு, நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவருக்கு ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதடையலாம். கிரியேட்டினின் கூடியவர், இதய நோயாளி, குடல்புண் உள்ளவர் ஆகியோருக்கு வலி மருந்தைத் தோலில் தேய்க்கும் ஜெல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போடும் மாத்திரையின் அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பதும் நல்லது.

ஸ்டீராய்டு ஊசியைப் பொறுத்தவரை, தசைநாண் வலிக்குத் தோளெலும்பின் கூரைக்குக் கீழே உள்ள இடைவெளியில் போடுவதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். கூரையின் பின்வெளி மூலையைத் தொட்டுப் பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே ஊசியை நுழைத்து, சிறிது மேல்நோக்கிச் செலுத்துங்கள். டிரையாம்சினலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசலோன் 40 மில்லிகிராமோடு லிக்னோகெயின் சில மில்லிலிட்டர். மருந்து தடையில்லாமல் போக வேண்டும். அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் முனை தசைநாணுக்குள் இருக்கிறது, பின்னுக்கு இழுங்கள். முதல் சில ஊசிகளைப் பழகிய மருத்துவர் ஒருவர் உடனிருக்கப் போடுங்கள். உறைந்த தோளுக்கு மூட்டுக்குள்ளேயே போட வேண்டும். அந்தப் பழக்கம் வரும்வரை அதை மேல் மருத்துவமனைக்கு விட்டுவிடலாம். தோலில் புண், காய்ச்சல், சீழ் அல்லது காசநோய்ச் சந்தேகம், புதிதாகக் கிழிந்த தசைநாண் ஆகிய எதுவும் இருந்தால் போடக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு முதல் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம்வரை, ரத்தச் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மிகவும் ஏறியிருந்தால் முதலில் அதை இறக்குங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் அந்த இடம் வெளுத்துவிடும். நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரிவதால் வெண்குஷ்டம் என்று மிரண்டுபோவார்கள். இதையும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரே தோளில் ஆண்டுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். முதல் ஊசியால் பயனில்லை என்றால் இரண்டாவதைப் போடுவதற்கு முன் நோயை மறுபடி யோசியுங்கள்.

பயிற்சியைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பாமல், உங்கள் முன் ஒருமுறை செய்ய வையுங்கள். வலி மிகுந்திருந்தால், மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது. சற்றுக் குறைந்ததும், சுவரில் விரல்களால் ஏறுவதும், இரு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து நல்ல கையால் தள்ளி மறுகையை வெளிப்புறம் திருப்புவதும், துண்டை முதுகுக்குப் பின் பிடித்து மேலும் கீழும் இழுப்பதும். தசைநாண் நோய்க்கு முக்கியமானது பலப்படுத்துவது: முழங்கையை விலாவில் ஒட்டி, கதவு நிலையில் புறங்கையை வைத்துத் தள்ளி எண்ணிக்கொண்டே நிற்பது, பிறகு ரப்பர் பட்டையோடு. பட்டை வாங்க முடியாதவருக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும். பயிற்சியின்போது சிறிது வலிக்கலாம், மறுநாள்வரை நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும் என்று முதல் நாளே சொல்லுங்கள். கையைத் தூளியில் கட்டித் தொங்கவிட வேண்டாம். உறைந்த தோளை உண்டாக்க அது ஒன்றே போதும். இரவில் நல்ல பக்கம் ஒருக்களித்து, வலிக்கும் கையைத் தலையணைமேல் தாங்கிப் படுத்தால் தூக்கம் வரும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பஸ் ஏறி வர முடியாத முதியவர்களின் பெயரை அவர்களிடம் கொடுங்கள். குறிப்பாகப் பக்கவாதம் வந்தவர்களை மறக்காதீர்கள். செயலிழந்த கையின் தோள் தொங்கி, நழுவி, கடுமையாக வலிக்கும். அந்தக் கையையோ அக்குளையோ பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைப்பதே பல வீடுகளில் வலியைக் கூட்டுகிறது. இடுப்பைப் பிடித்துத் தூக்கவும், உட்காரும்போது கைக்குக் கீழே தலையணை வைக்கவும் வீட்டாருக்கு ஒருமுறை செய்து காட்ட வேண்டும்.

எல்லாரையும் ஆறு வாரத்தில் திரும்ப வரச் சொல்லுங்கள். அன்றும் அதே போல் முழங்கைகளை விலாவில் வைத்துத் திருப்பிப் பார்த்து, எத்தனை பாகை என்று சீட்டில் குறியுங்கள். முதலில் திரும்பிய கை இப்போது திரும்பவில்லை என்றால், ஆரம்பத்தில் தசைநாண் வலியாகத் தெரிந்தது உறைந்த தோளாக மாறிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயும் சர்க்கரைப் பரிசோதனையும் அப்போது வேண்டும். மூன்று மாதத்தில் சற்றும் முன்னேற்றம் இல்லாத தசைநாண் நோயாளி, பலம் குறைந்துகொண்டே போகிறவர், இரவு வலி கூடிக்கொண்டே வருகிறவர் ஆகியோரை அனுப்பும்போது, என்ன பார்த்தீர்கள், என்ன கொடுத்தீர்கள், எத்தனை வாரம் பயிற்சி செய்தார் என்பதைக் கடிதத்தில் நான்கு வரி எழுதுங்கள். அங்கே இருப்பவர் மறுபடி முதலிலிருந்து மாத்திரை எழுதி அனுப்பாமல் இருக்க அந்த நான்கு வரி உதவும்.